கேட்காமல் வரைந்த முகம்

ஆர்டெல்லா மாப்ரியை முகம் பார்த்து அடையாளம் தெரியாதவர்கள் அந்த ஊரில் நிறைய இருந்தார்கள். ஆனால் ‘ஃபரோ’ பத்திரிகையின் விளம்பர மேசைக்குப் போன் செய்யாத கடைக்காரர் ஒருவர்கூடக் கிடையாது. இல்லினாய் மாநிலத்துச் சோளக்காடுகளுக்கு நடுவே பல்கலைக்கழகத்தை நம்பிப் பிழைக்கிற ஊர் அது. பீட்சாக் கடையோ, சைக்கிள் கடையோ, பல் டாக்டரோ, மாணவர்களிடம் எதையாவது விற்க வேண்டும் என்றால் முதலில் ஆர்டெல்லாவைத்தான் கூப்பிட வேண்டும். இருபத்து மூன்று வருஷமாக அதே மேசை, அதே நாற்காலி. பத்திரிகை நடத்துகிற பிள்ளைகள் வருவார்கள், கத்துவார்கள், காதலிப்பார்கள், பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பத்திரிகை முழுக்க முழுக்க மாணவர்களுடையது. அங்கே பல்கலைக்கழகத்திடம் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் அவள்தான்.

அவள் பிறந்தது தெற்கே, மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். அவளுக்கு எட்டு வயதானபோது, ஊர் நீச்சல் குளத்தில் கறுப்பர்களையும் விடவேண்டும் என்று உத்தரவு வந்தது. ஊர்ப் பெரிய மனிதர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? குளத்தில் சிமெண்டைக் கொட்டி மூடிவிட்டார்கள். அவர்கள் பிள்ளைகளும் குளிக்கவில்லை, இவளும் குளிக்கவில்லை. ‘பழுதுபார்ப்பு வேலைக்காகக் குளம் மூடப்பட்டது’ என்று உள்ளூர்ப் பத்திரிகை போட்டது. அதை மறுத்து எழுத அந்த ஊரில் வேறு பத்திரிகை இல்லை. அதனால்தானோ என்னவோ, தட்டச்சு வேலைக்கு இங்கே வந்து சேர்ந்த முதல் வருஷமே, யாருக்கும் பயப்படாமல் எழுதுகிற இந்தப் பிள்ளைகள்மேல் அவளுக்கு ஒரு கிறுக்கு பிடித்துவிட்டது.

ஃபரோவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அச்சுக்குப் போகும் முன்பு எந்தப் பக்கத்தையும் பல்கலைக்கழக ஊழியர் யாரும் பார்க்கக்கூடாது. பார்த்தால் பல்கலைக்கழகமே பார்த்து ஒப்புதல் கொடுத்ததாக ஆகிவிடும். ஒப்புதல் கொடுக்கிறவனுக்குத் தடுக்கவும் உரிமை வந்துவிடும். ஆர்டெல்லா இதை நோன்பு மாதிரி காத்தாள். விளம்பரங்களைப் பக்கத்தில் ஒட்டிவிட்டு, மீதி இடத்தை வெறுமையாக விட்டு, நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். ஒரு தடவை மாணவர் நலத் தலைவர் மறுநாள் பக்கத்தைக் காட்டும்படி கேட்டு வந்தார். “நானே பாக்கிறதில்ல சார், உங்களுக்கு எங்கேர்ந்து காட்ட?” என்று வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். அவர் திரும்பிப் போனதும் பிள்ளைகள் மேசைமேல் ஏறிக் கைதட்டினார்கள்.

இந்தப் பெருமைதான் அவள் காலை வாரிவிட்டது.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், அக்டோபர் மாதம். கறுப்பின மாணவர்கள் தங்களுக்கென்று ஒரு கூடம் வேண்டும் என்று இரண்டு வருஷமாகக் கேட்டு, நிர்வாகம் அப்போதுதான் ஒரு பழைய வீட்டை ஒதுக்கியிருந்தது. செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு, கார்ட்டூன் போடுகிற பிராண்ட் ஓலெசன் கையில் ஒரு தாளோடு அவள் மேசைக்கு வந்தான். விஸ்கான்சின் பக்கத்துப் பண்ணைக் குடும்பத்துப் பையன். மூன்று வருஷமாக அவளுக்கு நேர் எதிர் மேசை. அவள் கொண்டுவரும் சோள ரொட்டியில் பாதி அவன் வயிற்றுக்குள்தான் போகும்.

“மிஸ் ஆர்டெல்லா, ஒரே ஒரு நிமிஷம் இதப் பாக்கிறீங்களா? எனக்குக் கொஞ்சம் இடிக்குது.”

ஆர்டெல்லா சிரித்துக்கொண்டே இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள். “எங்கிட்டக் காட்டாத கண்ணு. நான் பாத்தா அது யூனிவர்சிட்டி பாத்ததா ஆயிடும். இத்தனை வருஷத்துல ஒரு பக்கம் பாத்திருப்பேனா? போ, மாரென்கிட்டக் காட்டு.”

மாரென் கோஸ்லோவ்ஸ்கி என்ற மாணவிதான் அந்த வருஷத்துப் பத்திரிகை ஆசிரியை. அவளும் பார்த்தாள், கொஞ்சம் காரம்தான் என்றாள், இடத்தில் சரியாக உட்காருகிறதா என்று அளந்தாள், அனுப்பிவிட்டாள்.

புதன்கிழமை காலை பஸ்ஸை விட்டு இறங்கிய ஆர்டெல்லா, ஃபரோவுக்காக வைத்திருந்த பெட்டியிலிருந்து ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனாள். கண்ணாடிக்கடை விளம்பரம் மை கலங்காமல் வந்திருக்கிறதா என்று பார்க்க ஆறாம் பக்கத்தைத் திருப்பினாள். விளம்பரம் நன்றாகத்தான் வந்திருந்தது. அதற்கு மேலே ஒரு கறுப்புப் பெண் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு முகத்தில் பாதி. கண் இரண்டும் பிதுங்கி வெளியே தொங்கின. மூக்கு மாட்டுக்கு இருப்பது மாதிரி. கையில் பொரித்த கோழிக்கால். கறுப்பர்களைக் கேலி செய்யத் தலைமுறை தலைமுறையாக வரைகிற கோழிக்கால் அது என்று அந்த நாட்டில் பால்குடி மறந்த குழந்தைக்கும் தெரியும். ‘இனிமே இது என் வீடு, எல்லாரும் எழுந்து போங்க’ என்று வாயிலிருந்து வாசகம். மூலையில் கோட்டுப் போட்ட மூன்று நிர்வாகிகள் கட்டைவிரல் அளவில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

சீ என்று மடிக்கப் போனவளுக்குக் கை நின்றுவிட்டது. அந்தப் பெண்ணின் கழுத்தில் மணி கோத்த சங்கிலியில் ஒரு மூக்குக்கண்ணாடி தொங்கியது. ஸ்வெட்டரில் இரண்டாவது பொத்தான் இல்லை. முன்பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி. ஆர்டெல்லா தன்னையறியாமல் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். கண்ணாடிச் சங்கிலி கையில் தட்டுப்பட்டது. அதற்குக் கீழே பொத்தான் இல்லாத இடம் தட்டுப்பட்டது.

செல்போன் அடித்தது. மகள் ஷரீஸ். அதே பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருஷம் படிக்கிறாள்.

“அம்மா, ஆறாம் பக்கம் பாத்தியா?”

“பாத்தேன்.”

“யாருன்னு தெரியுதா?”

ஆர்டெல்லா பத்திரிகையைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

“அந்த ஸ்வெட்டர நான்தாம்மா உனக்கு வாங்கிக் குடுத்தேன்,” என்றாள் ஷரீஸ்.

மதியத்துக்குள் முந்நூறு மாணவர்கள் கூடிவிட்டார்கள். பெட்டி பெட்டியாக ஃபரோவை அள்ளி நூலகத்து நீரூற்றில் கொட்டினார்கள். ‘ஃபரோவை மூடு’ என்ற கோஷம் ஃபரோ அலுவலகம் இருந்த இரண்டாவது மாடிவரை கேட்டது. மேலே பிள்ளைகள் கருத்துச் சுதந்திரத்தைப் பற்றிக் காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். யார் மனமும் புண்படக்கூடாது என்றால் பத்திரிகை எதற்கு என்றான் ஒருவன். அரசியல் சட்டம் பிடித்ததை மட்டுமா காப்பாற்றுகிறது என்றாள் ஒருத்தி. எல்லாம் ஆர்டெல்லாவே அவர்களுக்கு வருஷாவருஷம் சொல்லிக்கொடுத்த பேச்சுதான். அத்தனை பேரும் அவள் முகத்தை மட்டும் பார்க்காமல் பேசினார்கள்.

கடைசியில் மாரென் பக்கத்தில் வந்து குனிந்தாள். “சத்தியமா யாரும் கவனிக்கல மிஸ் ஆர்டெல்லா. ஒம்போது பேர் பாத்தோம். ஒருத்தருக்கும் அது நீங்கன்னு தோணல.”

ஆறுதலாம் இது. தெரிந்தே அனுப்பியிருந்தால் அது ஒரு கொடுமை. தெரியவே இல்லை என்றால் இந்த ஒன்பது பேரும் இத்தனை நாள் எதிரில் யாரைப் பார்த்துக் குட் மார்னிங் சொல்லிக்கொண்டிருந்தார்கள்? ஆர்டெல்லாவுக்கு இரண்டில் எது மோசம் என்று பிடிபடவில்லை.

வியாழக்கிழமை காலை ஊழியர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. அங்கே அதிகாரியாக இருந்த திருமதி டிராஸ்க் கதவைச் சாத்திவிட்டு, ரொம்பத் தெரிந்தவள் மாதிரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எவ்வளவு வேதனைப்பட்டிருப்பீங்கன்னு எங்களுக்குப் புரியுது. ஆனா பத்திரிகைய நாங்க நேராத் தொட முடியாது. கோர்ட்டுக்குப் போனாங்கன்னா நாங்க தோத்துப்போவோம். நீங்க எங்க ஊழியர் பாருங்க, அதுதான் வழி. வேலை செய்ற இடத்துல உங்க நிறத்த வெச்சு அவமானப்படுத்தினாங்கன்னு இதுல ஒரு கையெழுத்துப் போட்டா, விசாரணை முடியற வரைக்கும் அந்த அறைய எங்களால பூட்ட முடியும்.”

“விசாரணை எப்ப முடியும்?”

“அது போகும், ரொம்ப நாள்.”

“அதுக்குள்ள பத்திரிகை செத்துப்போயிருமே.”

திருமதி டிராஸ்க் படிவத்தை அவள் பக்கம் தள்ளினாள். திங்கட்கிழமை நாலு மணிவரை நேரம் என்றாள். ஆர்டெல்லா அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தாள். வேதனை புரிகிறது என்று சொன்ன முகத்தில் ஒரு சந்தோஷம் ஒளிந்திருந்தது. பல வருஷமாகத் திறக்க முடியாத பூட்டுக்குச் சாவி கிடைத்த சந்தோஷம். தன்னுடைய அவமானம்தான் அந்தச் சாவி என்று விளங்கியதும், படிவத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

அன்று சாயங்காலம் சமையலறையில் ஷரீஸ் படிவத்தை நாலு தடவை படித்தாள்.

“பேனா தரட்டுமா?”

“யோசிக்கணும்.”

“என்னத்தம்மா யோசிக்கணும்? இருபத்து மூணு வருஷம் அவங்க வாசலக் காத்து நின்னே. உன்ன யாரு காத்தா?”

“யாரும் காக்கல. அதுக்காகப் பூட்டிட முடியுமா? உன் கூடத்துப் பிள்ளைங்க நாளைக்கு ஒரு பத்திரிகை போடுவாங்க. எவனுக்காவது பிடிக்காது. அவனும் ஒரு கையெழுத்துப் போடுவான்.”

“இது அவங்க பேச்சு. அவங்ககூடவே இருந்து உனக்கு ஒட்டிக்கிட்டுது.”

“அவங்க பேச்சு இல்லடி. எல்லாருக்கும் சேத்து மூடுறத நான் எட்டு வயசுலயே பாத்தவ. அதுல எனக்கு ஒரு கை தண்ணி கிடைக்கல.”

“அப்போ சும்மா விட்டுருவியா?”

“விடுறேன்னு நான் சொல்லலியே.”

மகள் கதவை அறைந்துவிட்டுப் போனாள். ஆர்டெல்லாவுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அந்த வயதில் தானும் அதைத்தான் செய்திருப்பாள். அவள் சொல்வதில் தப்பு எங்கே என்று தேடித் தேடிப் பார்த்தாள். பாதிக்கு மேல் சரியாகவே இருந்தது. அதுதான் நெஞ்சை அறுத்தது.

வெள்ளிக்கிழமை பிராண்ட் வந்து நின்றான். கண் வீங்கியிருந்தது.

“நிர்வாகத்தைத்தான் கிண்டல் பண்ணேன், மிஸ் ஆர்டெல்லா. கறுப்புப் பிள்ளைங்கள அவங்க இப்படித்தான் பாக்கறாங்கன்னு காட்டணும்னு நெனச்சேன். அந்த மூலையில அவங்க மூணு பேரும் நடுங்குறாங்களே, அதான் ஜோக்கு.”

“என் ஸ்வெட்டர் எதுக்கு?”

“நான் யாரையாவது பாத்துத்தான் வரைவேன். மனசுலேர்ந்து வராது. அன்னிக்கு நிமிர்ந்து பாத்தேன், நீங்க எதிர்ல விளம்பரம் ஒட்டிட்டிருந்தீங்க.”

“ஆக, பாத்து வரைஞ்சிருக்கே.”

“ஆமா.”

“என் மூக்கு அப்படியா இருக்கு?”

அவன் முதல்முறையாக அவள் மூக்கைப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தான். “இல்ல. மூக்கு, வாயெல்லாம்... அது எங்கேர்ந்து வந்துதுன்னே தெரியல. கை தானா வரைஞ்சுது.”

எங்கிருந்தோ தானாக வந்ததாம். அந்தப் பையன் பொய் சொல்லவில்லை என்பதுதான் ஆர்டெல்லாவைத் தூக்கிவாரிப் போட்டது. விஷமத்துக்குச் செய்திருந்தால் ஓர் அறை கொடுத்துவிட்டுப் போயிருப்பாள். தன் ரொட்டியைத் தின்ற கை, யாரும் சொல்லித்தராமலேயே நூறு வருஷத்து அசிங்கத்தை அச்சு அசலாக வரைந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை இவன் இடிக்குது என்று சொல்லித் தாளை நீட்டியதும், தான் சிரித்துக்கொண்டு கண்ணைப் பொத்தியதும் நினைவுக்கு வந்தன. பார்த்திருந்தால்? பார்த்திருந்தால் கிழித்திருப்பாள். கிழித்திருந்தால் அந்த வாசலில் அவள் நின்ற நிற்பெல்லாம் பொய்யாகியிருக்கும். இரண்டு பக்கமும் அடைத்த சந்தில் மாட்டிக்கொண்டவள் மாதிரி திணறினாள். எழுந்து போய்விட்டாள்.

போகிற வழியில் மாரென் நின்றிருந்தாள். அறையைப் பூட்டப் போகிறார்கள் என்ற செய்தி எப்படியோ கசிந்து, அந்தப் பெண் இரண்டு நாளாகச் சோறு தண்ணீர் இல்லாமல் வெளிறிப் போயிருந்தாள். ஆர்டெல்லாவுக்கு அந்த நிலையிலும் மனம் இளகியது.

“பயப்படாத. நான் கையெழுத்துப் போடப் போறதில்ல,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மாரென் அவள் தோளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

திங்கட்கிழமை காலை பஸ் நிறுத்தத்திலேயே தெரிந்துவிட்டது. ஃபரோவின் முதல் பக்கத்தில், போன கிறிஸ்துமஸ் விருந்தில் எடுத்த ஆர்டெல்லாவின் படம், நாலு பத்தி அகலத்துக்கு. வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். மேலே கொட்டை எழுத்தில்: ‘படத்தில் இருப்பவரே மன்னித்துவிட்டார்.’ கீழே, சுதந்திரமான பத்திரிகைக்காகத் தன் வேதனையை விழுங்கிய பெருந்தன்மை என்று மாரென் பெயரில் கட்டுரை. விழுங்கினாளாம். பெருந்தன்மையாம். பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பையன் அவளை அடையாளம் கண்டு, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

அவளுக்குக் கார்ட்டூனைவிட இது மோசமாக இருந்தது. அதையாவது வெறுக்க முடிந்தது. சர்ச்சில் அவளோடு பாடுகிற பெண் போன் செய்து, “நீயா அப்படிச் சொன்னே, ஆர்டெல்லா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள். ஷரீஸ் போனே செய்யவில்லை.

மாடிக்கு ஏறிப் போனதும் பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆர்டெல்லா கையை உயர்த்தினாள். கைதட்டல் நின்றது.

“மன்னிச்சேன்னு நான் யார்கிட்ட சொன்னேன்?”

மாரென் முகம் சிவந்தது. “கையெழுத்துப் போட மாட்டேன்னு சொன்னீங்களே... அதனால... உங்களப் பத்தி நல்லவிதமாத்தானே எழுதினோம்?”

“பிராண்டும் நல்லெண்ணத்துலதான் வரைஞ்சேன்னான். ஒரே வாரத்துல ரெண்டு தடவ என்ன வரைஞ்சிட்டீங்க, மாரென். ரெண்டு தடவையும் என்னைக் கேக்கல.”

பிராண்ட் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். ஆர்டெல்லா இழுப்பறையைத் திறந்து, தன் கத்தரிக்கோலையும் மகள் படத்தையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

“புதன்கிழமை விளம்பரத்த யாரு ஒட்டுவா?” என்று பின்னால் ஒருவன் கேட்டது காதில் விழுந்தது.

அங்கிருந்து நேராக ஊழியர் அலுவலகத்துக்குப் போய்ப் படிவத்தை மேசைமேல் வைத்தாள். கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருந்தது. வேறு எங்காவது ஒரு நாற்காலி கொடுங்கள், வாகன அனுமதி அலுவலகமானாலும் சரி என்றாள்.

“அப்போ அவங்க செஞ்சது சரின்னு சொல்றீங்களா?” என்றாள் திருமதி டிராஸ்க். அவள் குரலில் இருந்த பாசமெல்லாம் வடிந்திருந்தது.

“பாத்தீங்களா, நான் சொல்லாதத நீங்களும் சொல்ல ஆரம்பிச்சுட்டீங்க,” என்றாள் ஆர்டெல்லா.

அன்று மதியம் நூலகத்தில் உட்கார்ந்து, கோடு போட்ட தாளில் ஒரு கடிதம் எழுதினாள். அடித்து அடித்து மூன்றாம் தடவை எழுதியதை ஃபரோவின் வாசகர் கடிதப் பெட்டியில் போட்டாள். ஃபரோவுக்குக் கடிதம் யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் அச்சில் ஏற்றும் முன்பு எழுதியவருக்குப் போன் செய்து, கடிதத்தை முழுக்கப் படித்துக்காட்டி, ஒப்புக்கொண்ட பிறகுதான் போடுவார்கள். இல்லாவிட்டால் எவனாவது எவள் பேரிலாவது எழுதிவிடுவான்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு, அன்று காலைதான் அவளை மாற்றியிருந்த வாகன அனுமதி அலுவலகத்தில் அவளுடைய போன் அடித்தது. அந்த வாரம்தான் கடித மேசைக்கு வந்த ஜூன் ஹ்யூபர் என்ற முதல் வருஷப் பெண். யாரோடு பேசுகிறோம் என்பது தெரிந்து குரல் முன்கூட்டியே நடுங்கியது.

“மேடம், உங்க கடிதத்தைப் படிக்கிறேன். தப்பு இருந்தா சொல்லுங்க.”

“படி.”

“ ‘படத்தில் இருக்கும் ஸ்வெட்டர் என்னுடையது. முகம் என்னுடையது இல்லை. அப்படி ஒரு முகம் யாருக்குமே கிடையாது. அதைப் போட உங்களுக்கு உரிமை இருக்கிறது. அந்த உரிமையைப் பூட்ட என் கையெழுத்தைக் கேட்டார்கள், நான் கொடுக்கவில்லை. அதற்கு நான் மன்னித்துவிட்டேன் என்று அர்த்தம் இல்லை. என்னிடம் எல்லாரும் விளக்கம் சொன்னீர்கள். மன்னிப்பு ஒருவரும் கேட்கவில்லை. இருபத்து மூன்று வருஷம் உங்களுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் படத்தைப் பார்த்த ஒன்பது பேரில்...’ ”

ஜூன் நிறுத்திவிட்டாள். மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“படி கண்ணு.”

“ ‘...ஒன்பது பேரில் ஒருவருக்குக்கூட என்னைத் தெரியவில்லை. அதனால் நான் போகிறேன். நீங்கள் எழுதுங்கள்.’ அவ்வளவுதான் மேடம். இத நீங்கதான் எழுதினீங்களா?”

“நான்தான்.”

“இத நாங்க அச்சில போட... உங்களுக்குச் சம்மதமா?”

ஒரு வாரமாக ஊரே ஆர்டெல்லாவைப் பற்றிப் பேசித் தீர்த்துவிட்டது. இப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. ஜன்னலில் யாரோ அனுமதிச் சீட்டுக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிஷம் என்று அவர்களுக்குக் கைகாட்டிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“சம்மதம். போடுங்க.”

“அப்புறம் மேடம்... கடிதத்தோட உங்க படம் ஒண்ணு போடலாமான்னும் கேக்கச் சொன்னாங்க.”

“படம் வேண்டாம் கண்ணு,” என்றாள் ஆர்டெல்லா. “பேர் போதும்.”